வெறும் பாத்திரம் திருப்பி அனுப்பலாகாது

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் ‘சர்வதேசச் சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு அலுவலகம்’ என்று ஒன்று இருந்தது. அங்கே ஒத்துழைப்பு நடந்ததை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் போர்டு இருந்தது. போர்டு இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று நம்புவது நம் ஊர் வழக்கம். உலகத்து அரசாங்கங்கள் எல்லாம் ஒவ்வொரு ஒப்பந்தமாக உதறிக்கொண்டிருந்த வருஷத்தில் நம் அரசாங்கமும் உதறியது. பெயிண்டர் ஒருவர் ஏணியோடு வந்து, ‘ஒத்துழைப்பு’ என்பதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் பண்ணி, ‘விலகல்’ என்று நெருக்கி எழுதிவிட்டுப் போனார். சேர்ந்திருந்த காலத்தில் அந்த அலுவலகத்தில் நாலு பேர் வேலை பார்த்தார்கள். விலகியிருப்பது அதைவிடச் சிரமமான வேலை என்பதால் மேலும் ஏழு பேரைப் போட்டார்கள். ஏ.சி.யும் வந்தது.

கடலில் எண்ணெய் கொட்டினால் பக்கத்து நாட்டுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்ற ஒப்பந்தத்திலிருந்து முதலில் விலகினார்கள். பிறகு புகை ஒப்பந்தம், கழிவு ஒப்பந்தம். பிறகு பறவை ஒப்பந்தம். அந்த வருஷமும் பூநாரைகள் வழக்கம்போல உப்பளத்துக்கு வந்து ஒற்றைக்காலில் நின்றன. அவற்றிடம் யாரும் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை.

இதெல்லாம் ராஜதுரை அண்ணாச்சியின் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும், பலசரக்குக் கடைக்காரருக்குப் பூநாரையால் ஆவதென்ன, போவதென்ன? துறைமுகச் சாலைக்குப் பின்புறம், கன்டெய்னர் யார்டு மதிலை ஒட்டி அவர் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி அனுசியா. பிள்ளை இல்லாத வீடு என்பதால் ஒருவருக்கொருவர்தான் பேச்சுத்துணை, சண்டைத்துணை எல்லாம். அனுசியா பேச ஆரம்பித்தால், கடைக்கு வந்தவர்கள் வாங்க வந்த சாமானை மறந்துவிட்டு நின்று கேட்பார்கள். அப்பேர்ப்பட்ட பேச்சுக்காரிக்கு ஒரு நாள் மூச்சு முட்டத் தொடங்கியது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நீலக் கன்டெய்னர் வந்து இறங்கியதிலிருந்துதான் வினை. பழைய பேப்பர் என்று சொல்லி ஏதோ ஒரு தூரதேசத்திலிருந்து வந்தது அது. சுங்கத்தார் திறந்து பார்த்தபோது மேலாக இரண்டு சாண் உயரத்துக்குப் பேப்பர் இருந்தது. அதற்குக் கீழே அந்த ஊர்க் குழந்தைகளின் டயப்பர், ஆஸ்பத்திரி டியூப். அதற்கும் கீழே, பெயரைச் சுரண்டி எடுத்த பேரல்கள். அவற்றில் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. திறந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மூடி, சீல் வைத்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலையாகப் பார்த்து ஒதுக்கி வைத்தார்கள். ராஜதுரை வீட்டு மதில் அவர்கள் கணக்கில் அப்படிப்பட்ட மூலை.

கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று அடித்தால் போதும், நாற்றம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அழுகல் நாற்றமாக இருந்தால்கூடப் பழகியிருக்கும். இது ஒரு மாதிரி இனிப்பான நாற்றம். தொண்டைக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். முதலில், வாங்கிப்போன அரிசியில் நாற்றம் ஏறியிருக்கிறதென்று சிலர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிறகு அனுசியா இருமினாள். அதற்கும் பிறகு படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள்.

“ஏளா, கொஞ்ச நாளைக்குப் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாயேன்” என்றார் ராஜதுரை.

“ஒங்களை இந்த நாத்தத்துல விட்டுட்டு, நான் மட்டும் அங்கன போயி நல்ல காத்தக் குடிக்கவா?” என்றாள் அனுசியா. ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, “நல்லா இருக்கு நியாயம்” என்று முடித்தாள். முன்பெல்லாம் அவள் மூச்சு வாங்குவதற்காகப் பேச்சை நிறுத்தியதே கிடையாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். “நெஞ்சுக்குள்ள ஏதோ கெமிக்கல் வேலை செய்யுது அண்ணாச்சி. எதுன்னு தெரிஞ்சா அதுக்கு உண்டான மாத்து மருந்தப் பாக்கலாம். தெரியாமக் குடுக்கது இருட்டுல கல்லெறியுத மாதிரி. அந்தப் பேரல்ல இருக்கது என்னன்னு பேரை மட்டும் கேட்டுட்டு வாங்க” என்றார்.

ஒரு பேர். அவ்வளவுதானே என்று ராஜதுரைக்குத் தோன்றியது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

யார்டு வாசலில் காவலுக்கு இருந்த ஜேசுபாதம் அவருடைய வாடிக்கைக்காரன். கடலில் மூழ்கிச் சங்கு குளித்துக்கொண்டிருந்தவன், ஒரு காது போன பிறகு வாட்ச்மேன் ஆனவன். அவனிடம்தான் முதலில் கேட்டார்.

“எனக்கு எங்க தெரியும் அண்ணாச்சி?” என்றான் ஜேசுபாதம். “முன்னெல்லாம் இப்படி வந்தா, அனுப்புனவனே எடுத்துக்கிட்டுப் போகணும்னு நாடுகளுக்குள்ள ஒரு பேச்சு இருந்துச்சு. என்னத்தலே அனுப்புனேன்னு நாம கேட்டா அவன் பதில் சொல்லியே ஆவணும். முந்தி ரெண்டு பெட்டி அப்படித் திரும்பிப் போச்சு. இப்ப அந்த விலகல் ஆபீஸ்லதான் கேட்டுப் பாக்கணும்.”

விலகல் அதிகாரி நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதை போகிற போக்கில் மறந்துபோகலாம். ராஜதுரையைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார், நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். வடக்கே எங்கேயோ வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்பதால் அவர் பேச்சில் எந்த ஊர் வாசனையும் இல்லை.

“சார், அந்த நீலப் பெட்டியில இருக்கது என்னதுன்னு பேரு தெரியணும். வீட்டுல மூச்சு விட முடியாமக் கெடக்கா” என்றார் ராஜதுரை.

“உங்களுக்கு உதவணும்னு ரொம்ப ஆசை மிஸ்டர் ராஜதுரை. ஆனா அதைத் தெரிஞ்சுக்கணும்னா அந்த நாட்டைக் கேட்கணும். கேட்டா அது ஒத்துழைப்பு ஆயிடும்.”

“சும்மா ஒரு வார்த்தை சார்.”

“ஒரு வார்த்தை கேட்டாலும் ஒத்துழைப்புதான். அதிலேர்ந்து நாம விலகிட்டோம். முதல்ல அவங்கதான் விலகினாங்க. அவங்க போனப்புறம் நாம மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தா அதுக்குப் பேர் தனிமை. உலக அரங்குல தனிமைப்படக் கூடாதுங்கறது நம்ம கொள்கை. அதனால நாமும் விலகி, விலகினவங்களோட ஒற்றுமையா நிக்கறோம்.”

ராஜதுரை டீயை ஒரு வாய் குடித்தார். “நாமளே தொறந்து பாத்துட்டா?”

“சீல் வெச்ச பெட்டியை ரெண்டு நாட்டு ஆளுங்களும் சேர்ந்து நின்னுதான் திறக்கலாம். சேர்ந்து நிக்கறதுங்கறது...”

“ஒத்துழைப்பு” என்றார் ராஜதுரை.

அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. “பாத்தீங்களா, எங்க ஸ்டாஃபைவிட நீங்க சீக்கிரம் புரிஞ்சுக்கறீங்க!”

“அப்ப ஆபத்தான சாமான்னு சொல்லி வேற எங்கயாவது தள்ளியாவது வைங்க சார்.”

“எது ஆபத்தான கழிவுங்கற விவரமெல்லாம் அந்த ஒப்பந்தத்தோட கடைசிப் பக்கங்கள்ல இருந்தது. விலகும்போது கடைசிப் பக்கமும் சேர்ந்தே போயிடுச்சு. இன்னிக்குத் தேதியில இந்த மாவட்டத்துல ஆபத்தான கழிவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இதுவரைக்கும் எந்த அரசாங்கமும் செய்ய முடியாத சாதனை இது.”

“அப்ப அந்த நாத்தம்?”

“அது உங்க தனிப்பட்ட அனுபவம்” என்றார் அதிகாரி, மிகவும் மரியாதையாக.

வீட்டுக்கு வந்து ராஜதுரை இதைச் சொன்னபோது அனுசியா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று, இருமல் நிற்காமல் முகம் கறுத்தது. அவர் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே இருந்தார். இனிமேல் சிரிப்பு வரும் விஷயங்களை வீட்டில் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

அக்கம்பக்கத்திலும் நாலு பேருக்கு இருமல் வந்து, சத்தம் கிளம்பவே, அலுவலகம் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டது. கல்யாண மண்டபம், மேடை, சாமியானா, வந்தவர்களுக்கெல்லாம் லெமன் சாதம். கருத்தைக் கேட்பதுதான் கூட்டத்தின் நோக்கம். அதன்பிறகு அந்தக் கருத்து என்ன ஆகும் என்பது வேறு அலுவலகத்தின் பொறுப்பு. ‘பாதிக்கப்பட்டதாகக் கருதும் வணிகர்’ என்று சொல்லி ராஜதுரையை மேடையேற்றினார்கள். மைக்கைப் பிடித்ததும் நினைத்து வந்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. வாயில் வந்ததைச் சொன்னார்.

“எனக்கு ஒப்பந்தம் கிப்பந்தம் ஒண்ணும் தெரியாது சார். எங்க வீட்டு வழக்கத்தச் சொல்லுதேன். பக்கத்து வீட்டுப் பாத்திரம் நம்ம வீட்டுல தங்கப்படாது. திருப்பிக் குடுத்துரணும். அதையும் வெறும் பாத்திரமாக் குடுக்க மாட்டோம், ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் குடுப்போம். அந்த மரியாதிக்காவது, அவன் பெட்டிய அவன்கிட்ட ஒப்படைச்சிருங்க சார். கோடிப் புண்ணியமாப் போவும்.”

கூட்டத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள். ராஜதுரை மைக்கை வைத்துவிட்டுத் திரும்பினால், விலகல் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார், கண்ணில் தண்ணீர்.

“சட்டத்திலேர்ந்துதானே விலகியிருக்கோம்?” என்றார் அவர், தன் ஆட்களைப் பார்த்து. “பண்பாட்டிலேர்ந்து விலகலையே!”

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஒப்பந்தப்படி திருப்பியனுப்பினால்தான் ஒத்துழைப்பு. பண்பாட்டுப்படி திருப்பியனுப்பினால் அது வெறும் அன்பு. அன்புக்குத் தடை எதுவும் இல்லை என்று மேலிடம் ஒரே நாளில் சொல்லிவிட்டது. நீலக் கன்டெய்னருக்கு வழியனுப்பு விழா ஏற்பாடாயிற்று. மாலை போடலாம் என்றார்கள். கன்டெய்னருக்குக் கழுத்து எந்தப் பக்கம் என்று ஆராய மூன்று பேர் குழு அமைத்தார்கள். சீலை உடைக்கக் கூடாது என்பதால் தனியாக ஒரு சின்னப் பெட்டியில் சீனி, உப்பு, ஊர்ப் பலகாரமான மக்ரூன், கருப்பட்டி. கருப்பட்டி ராஜதுரை கடையிலிருந்து போனது. சந்தோஷத்தில் ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கொடுத்தார். நாதஸ்வரக்காரர்கள் பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்பும்போது வாசிக்கிற பாட்டை வாசிக்க, நீலப் பெட்டி கிரேனில் ஏறி, கப்பலில் இறங்கி, கண்காணாமல் போயிற்று.

அடுத்து வந்தவை நல்ல நாட்கள். பின்னால் ராஜதுரை நினைத்துப் பார்க்கவே பயந்ததும் அந்த நாட்களைத்தான். அனுசியா படுத்துத் தூங்கினாள். மொட்டைமாடி ஏறி வத்தல் காயப்போட்டாள். மூன்று மாதம் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து வைத்துப் பேசினாள். எண்ணெய் டின்னைத் தப்பான இடத்தில் வைத்ததற்காக ஒரு மத்தியானம் முழுக்க அவரோடு சண்டை போட்டாள். அவர் பதிலே பேசாமல், சிரித்துக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். டாக்டர் மட்டும், “பெட்டி போனாலும் நெஞ்சுக்குள்ள போனது போகலை அண்ணாச்சி. அந்தப் பேரு கெடச்சா நல்லது” என்றார். பெட்டியே போய்விட்டது, பேர் எதற்கு என்று ராஜதுரை இருந்துவிட்டார். அப்படி நினைத்தது தப்பு என்று சொல்ல நமக்கு என்ன இருக்கிறது. நல்ல காற்று வரும்போது யார்தான் நாற்றத்தைப் பற்றி யோசிப்பார்கள்?

ஒரு நாள் காலையில் ஜேசுபாதம் கடைக்கு வந்தான். சாமான் எதுவும் கேட்காமல் நின்றான்.

“என்னலே?”

“திரும்பி வந்துட்டு அண்ணாச்சி.”

“எது?”

“நீலப் பெட்டி. அது மட்டும் இல்ல. கூட மூணு வந்திருக்கு.”

அந்த நாட்டார் ஒரு செய்தியும் அனுப்பியிருந்தார்கள். மக்ரூனுக்கு நன்றி. வெறும் பாத்திரமாகத் திருப்பி அனுப்பலாகாது என்ற உங்கள் உயர்ந்த மரபை எங்கள் மக்கள் வியந்து போற்றுகிறார்கள். அந்த மரபுக்குத் தலைவணங்கி, உங்கள் பாத்திரத்தை வெறுமனே அனுப்பாமல் எங்களால் ஆன மூன்று பெட்டிகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். சட்டத்தால் பிரிந்த நம்மைப் பண்பாடு சேர்த்து வைக்கட்டும்.

அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். வந்த பெட்டிகளை வரவேற்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று ஒரு வரவேற்பு விழா. ஆரத்தி எடுக்க வேண்டும். யோசனையைக் கொடுத்தவரின் மனைவியே எடுத்தால் பொருத்தமாக இருக்கும் என்று அதிகாரி நேரில் வீட்டுக்கு வந்து கேட்டார். அப்போதே அனுசியா மறுபடியும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“வேற ஆளப் பாருங்க சார்” என்றார் ராஜதுரை. குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

“அப்படிச் சொல்லாதீங்க. இப்ப ரெண்டு நாட்டுக்கும் கலாசார உறவு வந்தாச்சு. விழா முடியட்டும், அந்தப் பேரை உறவுமுறையில பேசிப் பார்க்கலாம்.”

அனுசியா தலையை நிமிர்த்தினாள். “ஆரத்திதானே? எடுத்துட்டு வாரேன்” என்றாள். ராஜதுரை ஏதோ சொல்ல வர, “சும்மா இருங்க” என்று அடக்கினாள். “பேரு... கெடச்சாச் சரி.”

யார்டுக்குள் நாலு பெட்டிகளும் வரிசையாக நின்றன. வாழைமரம், தோரணம், ஒலிபெருக்கி. அனுசியா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மஞ்சள் நீர்த் தட்டை ஏந்தி, வாசலில் கல்யாண மாப்பிள்ளைக்குச் சுற்றுவதுபோல அந்த இரும்புக்குச் சுற்றினாள். இரண்டு சுற்று முடிந்தது. மூன்றாவது சுற்றில் தட்டு சாய்ந்து மஞ்சள் நீர் தளும்பியது. ராஜதுரை ஓடிப்போய் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். புகைப்படக்காரர்கள் அது அருமையான போஸ் என்று அப்படியே நிற்கச் சொன்னார்கள்.

பிறகு விலகல் அதிகாரி பேசினார். வேட்டி கட்டி வந்திருந்தார்.

“இது முத்து நகரம். முத்துன்னா என்ன? சிப்பிக்குள்ளே வெளியிலேர்ந்து வந்து விழுந்த ஒரு தூசி. ஒரு அந்நியக் குப்பை. அந்தச் சிப்பி என்ன செஞ்சது? ஒப்பந்தம் எங்கேன்னு கேட்டதா? அனுப்பினவனே எடுத்துட்டுப் போன்னு கோர்ட்டுக்குப் போனதா? இல்லே! வலியைப் பொறுத்துக்கிட்டு, அந்தக் குப்பையைத் தன் உடம்பாலேயே மூடி முத்தாக்கிச்சு. இந்த ஊர் மக்களும் சிப்பிகள்தான். பொறுத்துக்குங்க. முத்தை எடுக்க வேண்டியது எங்க பொறுப்பு.”

பலத்த கைதட்டல். ஓரமாக நின்ற ஜேசுபாதம் ராஜதுரையின் காதோரம் குனிந்தான். “முத்து எடுக்கணும்னா சிப்பிய அழுகப் போட்டுத்தான் எடுப்பாவ அண்ணாச்சி. எந்தச் சிப்பியும் பொழச்சதில்ல” என்றான்.

விழா முடிந்ததும் ராஜதுரை அதிகாரியை மடக்கினார். “சார், பேரு.”

அதிகாரி கழுத்து மாலையைக் கழற்றிக்கொண்டே சங்கடப்பட்டார். “நீங்களே சொல்லுங்க. நம்ம வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க. பையில என்ன கொண்டு வந்தேன்னு கேட்கறது நம்ம பண்பாடா?”

அதன் பிறகு நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நாலு பெட்டிக்கு நாலு மடங்கு மக்ரூன் போயிற்று. பதிலுக்கு ஒரு கப்பலே வந்தது. விஷயம் கேள்விப்பட்டு, எந்த ஒப்பந்தத்திலும் இல்லாத வேறு சில நாடுகளும் தங்களிடம் நம் பாத்திரம் ஏதோ இருப்பதாகச் சொல்லிப் பெட்டிகளை அனுப்பத் தொடங்கின. மதிலுக்கு மேலே பெட்டி மேல் பெட்டி ஏறி, வீட்டுக்கு வெயில் வருவது நின்றது. விலகல் அதிகாரிக்குத் தலைநகரில் விருது கிடைத்தது. ராஜதுரைக்குப் பொன்னாடை போர்த்தி, ‘பண்பாட்டுச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டம் வாங்கிய அன்றைக்குக் கடையில் வியாபாரமே இல்லை. நாற்றத்தில் அந்தத் தெருவுக்குள் யார் வருவார்கள்?

அனுசியாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. மூக்கில் வாயில் மாஸ்க். பேச முடியாததால் கையால் பேசினாள். இத்தனை வருஷம் அவளுடைய வாய்ப்பேச்சுக்கே பதில் சொல்லிப் பழகிய ராஜதுரைக்கு அந்தக் கைப்பேச்சு பாதிதான் விளங்கியது. விளங்காதபோது அவள் கோபமாகப் பார்ப்பாள். அந்தக் கோபத்தைப் பார்க்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை.

அவர் அலுவலகத்துக்கு ஓடினார். அன்றைக்கு டீ வந்தது, அவர் தொடவில்லை.

“சார், அன்னைக்கு மேடையில நான் தெரியாமச் சொல்லிட்டேன். பாத்திரம் சீனின்னு சொன்னதெல்லாம் வாபஸ் வாங்கிக்கிடுதேன். எங்க வீட்டுல அப்படி ஒரு வழக்கமே கெடையாது. எல்லாத்தையும் நிப்பாட்டிருங்க.”

அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார். “ஒப்பந்தம்னா விலகிடலாம் மிஸ்டர் ராஜதுரை. ஒரு லெட்டர் போதும். அதுக்குன்னே உள்ளே விதி போட்டு வெச்சிருப்பாங்க. பண்பாட்டிலேர்ந்து எப்படி விலகறதுன்னு யாரும் எங்கேயும் எழுதி வைக்கலை. எங்க ஸ்டாஃப் தேடிப் பார்த்துட்டாங்க.”

“அப்ப பேரையாவது சொல்லுங்க சார். அவ சாகக் கெடக்கா. ஒரு பேரு சார். ஒங்க கால்ல விழுதேன்.” உண்மையாகவே குனிந்துவிட்டார்.

அதிகாரி பதறி எழுந்து அவரைப் பிடித்துத் தூக்கினார். கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். “அதிகாரியாச் சொல்லலை, மனுஷனாச் சொல்றேன். எனக்கும் தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது. கேட்கறதைத்தான் நாம நிறுத்திட்டோமே. எங்க வீட்டு ஆளுங்களைப் போன மாசமே ஊருக்கு அனுப்பிட்டேன்.”

“எதுக்கு சார் அனுப்புனிய?”

அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. “அது என் தனிப்பட்ட அனுபவம்” என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், அனுசியா கையை அசைத்து ராஜதுரையை அருகே கூப்பிட்டாள். மாஸ்க்கைத் தானே விலக்கினாள். அவர் தடுப்பதற்குள், “கடையத் தொறந்தியளா?” என்று கேட்டாள்.

“தொறந்தாச்சுளா. நல்ல யாவாரம்” என்றார் அவர். கடை அடைத்து வெகு நாளாயிற்று.

அவள் சரி என்பதுபோலக் கண்ணை மூடினாள். பிறகு திறக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “அந்தப் பேரு மட்டும் தெரிஞ்சிருந்தா...” என்று ஆரம்பித்து, ராஜதுரையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் துட்டி வீட்டில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வந்த அக்கா, அனுசியாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். ராஜதுரை கல்லுமாதிரி நின்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அப்போது இரண்டு ஜீப்பில் விலகல் அலுவலகம் முழுவதும் வந்து இறங்கியது. பதினோரு பேரும் வரிசையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். பெரிய மலர்வளையம். அதிகாரி அதை வைத்துவிட்டு, அப்படியே நகர்ந்திருக்கலாம். ஆனால் கூட்டத்தைக் கண்டால் அவருக்குப் பேச வரும். பாவம், தொழில் பழக்கம்.

“திருமதி அனுசியா அவர்கள் கையால எடுத்த ஆரத்தியை ரெண்டு நாடும் மறக்காது. அவர் இன்னிக்கு நம்மையெல்லாம் விட்டு விலகியிருக்கார். விலகறதை நாம முடிவா நினைக்கக் கூடாது. அது ஒரு புதிய தொடக்கம். அவர் மூச்சு நின்னிருக்கலாம். அவர் வரவேற்ற பெட்டிகள் இங்கேயேதான் இருக்கும். இந்தக் குடும்பத்துக்கு எங்க அலுவலகம் என்னிக்கும் துணை நிற்கும்.” கைகளைக் குவித்தார். குடும்பத்தாரைப் பார்த்துக் கனிவாகத் தலையசைத்தார். “அப்ப நாங்க போயிட்டு வர்றோம். கண்டிப்பா மறுபடியும் வருவோம்.”

ஒப்பாரி சட்டென்று நின்றது. பெண்கள் வாயில் கைவைத்தார்கள். இழவு வீட்டில் எவனாவது போயிட்டு வாறேன் என்று சொல்வானா? துட்டி கேட்க வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல்தான் இறங்கிப் போக வேண்டும். வருவேன் என்று சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு நாள் குறித்ததாக அர்த்தம். அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். இளவட்டங்கள் இரண்டு பேர் சட்டைக்கையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். அதிகாரி என்ன தப்பு நடந்தது என்று விளங்காமல் விழித்தார்.

ராஜதுரை கையை நீட்டி இளவட்டங்களை நிறுத்தினார். அதிகாரியின் முன்னால் வந்து நின்றார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

“சார், துட்டி வீட்டுல சொல்லிட்டுப் போவப்படாது. யார்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம, திரும்பிப் பாக்காம எறங்கிப் போயிரணும். ஒங்களுக்குத் தெரியாத வேலையா? ஒலகத்துக்கே அப்படித்தானே செஞ்சிய. இங்கனயும் அப்படியே செஞ்சிருங்க.”

பதினோரு பேரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போனார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த விஷயத்தில் அவர்களை ஒரு குறை சொல்ல முடியாது. ஜீப் கிளம்பிய சத்தம் ஓய்ந்த பிறகு ராஜதுரை உள்ளே வந்து, அனுசியாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, அதுவரை வராத அழுகையை அழுதார்.